போயிங் 777: 200, 300, ஈஆர், எல்ஆர் – என்னதான் வித்தியாசம்?

விமான டிக்கெட் எடுக்கும்போது நேரம், விலை எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் விமானத்தின் பெயரையும் போட்டிருப்பார்கள். ஒன்றில் 777-300ஈஆர் என்று இருக்கும், இன்னொன்றில் 777-200எல்ஆர் என்று இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. கவனிப்பவர்களும் "300 என்றால் 200-ஐவிடப் புதுசு போல" என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் 300 பறக்கத் தொடங்கி எட்டு வருடம் கழித்துத்தான் 200எல்ஆர் வந்தது. அந்த எண் வயதைச் சொல்வதில்லை.

அப்படியானால் எதைச் சொல்கிறது? அதைப் புரிந்துகொள்ள விமானப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை, கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். 777 குடும்பத்தில் ஏன் இத்தனை ரகம், எது ஏன் நூற்றுக்கணக்கில் விற்றது, எது ஏன் விற்கவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே ஒரு எடைக் கணக்கை வைத்துச் சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்கைத்தான் போடப்போகிறோம்.

முதலில் பெயரைப் பிரித்துவிடுவோம். 777 என்பது குடும்பப் பெயர். அடுத்து வரும் 200 அல்லது 300, உடலின் நீளத்தைக் குறிக்கிறது. 200 என்றால் 63.7 மீட்டர், 300 என்றால் 73.9 மீட்டர். கடைசியில் வரும் எழுத்து தூரத்துக்கானது: ஈஆர் என்றால் கூடுதல் தூரம் போகும், எல்ஆர் என்றால் அதைவிடவும் அதிக தூரம் போகும். எழுத்தே இல்லையென்றால் அந்த நீளத்தில் முதலில் செய்த மூல வடிவம். ஆக பயணிகளுக்கான ரகங்கள் ஐந்து: 200, 200ஈஆர், 300, 300ஈஆர், 200எல்ஆர். இவை போக சரக்கு மட்டும் ஏற்றும் 777எஃப் ஒன்று, அடுத்த தலைமுறையான 777எக்ஸ் ஒன்று.

ஐந்துக்கும் உடலின் அகலம் ஒன்றுதான், வெளியிலிருந்து அளந்தால் 6.2 மீட்டர். அதனால்தான் உள்ளே இரண்டு நடைபாதை வைக்க முடிகிறது. இப்படி இரண்டு நடைபாதை உள்ள விமானங்களைத்தான் வைட்பாடி என்கிறார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கோ டெல்லிக்கோ போகிற ஏ320 மாதிரி விமானத்தில் நடுவில் ஒரே ஒரு நடைபாதைதானே இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அகலம் மாறாமல் இருப்பது சும்மா வந்த விஷயமில்லை, குடும்பம் என்ற யோசனையே அதன்மேல்தான் நிற்கிறது. புதிதாக ஒரு விமானத்தை வரைந்து, சோதித்து, சான்றிதழ் வாங்குவதற்குப் பல வருடங்களும் மலையளவு பணமும் ஆகும். ஆனால் உடல் ஒரு குழாய் மாதிரி ஒரே குறுக்குவெட்டில் இருந்தால், நடுவில் வளையம் வளையமாகச் சேர்த்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். 300-ஐ அப்படித்தான் செய்தார்கள். இறக்கைக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, ஒரு பக்கம் மட்டும் நீட்டினால் சமநிலை கெட்டுவிடும் என்பதால் இரண்டு பக்கமும். மூக்கு, விமானி அறை, வால் எல்லாம் அப்படியே. 200 ஓட்டத் தெரிந்த விமானி 300-ஐயும் ஓட்டலாம், பெரும்பாலான உதிரிபாகங்களும் பொது. கம்பெனிகளுக்கு இது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதைச் சொல்லவே வேண்டாம்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

எந்த விமானத்துக்கும் உச்ச டேக்-ஆஃப் எடை என்று ஒரு வரம்பு உண்டு. ரன்வேயை விட்டு எழும்பும் நொடியில் விமானத்தின் மொத்த எடை அதைத் தாண்டவே கூடாது. எஞ்சின்களின் தள்ளும் சக்தி, இறக்கையின் பலம், சக்கரக் கால்களின் பலம், ஓடிக்கொண்டிருக்கும்போது டேக்-ஆஃபை நிறுத்த நேர்ந்தால் பிரேக் தாங்குமா என்பது என்று பலவற்றையும் பார்த்து வைத்த எண் அது. அந்த எடையை மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்: விமானத்தின் சொந்த எடை, ஆட்களும் சாமான்களும், அப்புறம் எரிபொருள். முதல் இரண்டையும் கழித்த பிறகு மிச்சம் இருப்பதுதான் எரிபொருளுக்கு. எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அந்த மிச்சம்தான் முடிவு செய்கிறது. டேங்கில் இடம் இருக்கிறதே என்று ஊற்றிக்கொண்டே போக முடியாது.

இனி வரும் கணக்குகளில் ஒரு பயணி பெட்டியோடு சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன், எரிபொருள் ஒரு லிட்டர் சுமார் 0.8 கிலோ. எண்களை முழுமைப்படுத்திச் சொல்கிறேன். விமானக் கம்பெனி போடும் நிஜக் கணக்கு இதைவிட நுணுக்கமானது, ஆனால் போக்கு இதேதான்.

முதல் ரகம் 777-200. யுனைடெட் ஏர்லைன்ஸ் 1990 அக்டோபரில் 34 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது. முதல் விமானம் 1994 ஜூன் 12-ல் பறந்தது, 1995 ஜூன் 7-ல் லண்டனிலிருந்து வாஷிங்டனுக்குப் பயணிகளோடு முதல் சேவை. உச்ச எடை 247 டன். சொந்த எடை 135 டன், 300 பயணிகளுக்கு 30 டன், கழித்தால் எரிபொருளுக்கு 82 டன். டேங்கில் 1,17,000 லிட்டர், அதாவது சுமார் 94 டன் பிடிக்கும், ஆனால் ஆட்கள் நிறைந்துவிட்டால் அதை முழுசாக நிரப்ப எடை வரம்பு இடம் கொடுக்காது. 9,700 கிலோமீட்டர் போகும் என்று போயிங் சொன்னது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கும், அட்லாண்டிக் கடலைத் தாண்டுவதற்கும் அது போதும், பசிபிக்கைத் தாண்டும் நீண்ட தடங்களுக்குப் போதாது.

ஆரம்பத்திலிருந்தே போயிங் மனதில் இரண்டு சந்தைகள் இருந்தன. நடுத்தர தூரத்துக்கு ஏ, நீண்ட தூரத்துக்கு பி என்று தங்களுக்குள் பெயர் வைத்திருந்தார்கள். பி சந்தைக்கு வந்ததுதான் 200ஈஆர், 1997 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு முதலில் கொடுத்தார்கள். வெளியே நின்று பார்த்தால் இதற்கும் 200-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது, நீளம் அதே, இறக்கை அதே 60.9 மீட்டர். மாறியது உள்ளேதான். உச்ச எடையை 297 டன்னுக்கு ஏற்றினார்கள், அதாவது 50 டன் கூடுதல். சொந்த எடையோ மூன்று டன் மட்டும்தான் கூடியது. டேங்க் 1,71,000 லிட்டராகப் பெரிதானது. இப்போது அதே 300 பேரை ஏற்றினால் 297-ல் 138 போச்சு, 30 போச்சு, மிச்சம் 129 டன். முதல் ரகத்துக்குக் கிடைத்த 82 டன்னோடு வைத்துப் பாருங்கள். தூரம் 13,000 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது.

இந்த ரகத்துக்கு ஆரம்பத்தில் வைத்திருந்த பெயரே "கூட்டிய மொத்த எடை" என்ற பொருளில்தான் இருந்தது, பிறகுதான் ஈஆர் ஆனது. எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடிக்கும், நடந்த விஷயத்தை அப்படியே சொல்கிறது. சுமார் 420 விமானங்கள் விற்றன. எழுத்தில்லாத மூல 200 விற்றதோ 88 மட்டுமே.

அடுத்தது 777-300. இங்கேதான் குடும்பத்தின் முக்கியமான பாடம் இருக்கிறது, கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். 1990-களில் பழைய 747 ஜம்போக்கள் பலவற்றுக்கு வயதாகிவிட்டது, நான்கு எஞ்சினோடு அவை குடிக்கும் எரிபொருளும் அதிகம். அதே அளவு ஆட்களை இரண்டு எஞ்சினில் கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்று ஆசிய விமானக் கம்பெனிகள் ஆசைப்பட்டன. ஏறக்குறைய 10 மீட்டர் நீட்டிய 300 வந்தது, 1998-ல் ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் முதலில் வாங்கியது. மூன்று வகுப்பு இருக்கைகளோடு சுமார் 370 பேர்.

கணக்கைப் போடுங்கள். உச்ச எடை 299 டன், 200ஈஆரைவிட இரண்டே டன்தான் அதிகம். ஆனால் பத்து மீட்டர் உலோகம், தரை, இருக்கை, கழிவறை எல்லாம் சேர்ந்து சொந்த எடை 160 டன்னுக்கு ஏறிவிட்டது, 200ஈஆருக்கு 138-தான். கூடுதலாக 70 பேர், அது ஒரு 7 டன். 299-ல் 160, பிறகு 37 கழித்தால் எரிபொருளுக்கு 102 டன். டேங்கில் 137 டன் பிடிக்கும், 35 டன்னுக்கான இடம் காலியாகவே கிடக்க வேண்டியதுதான். தூரம் 11,000 கிலோமீட்டர் சொச்சம், அதாவது 200ஈஆரைவிட ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் குறைவு.

பார்த்தீர்களா, உச்ச எடையை ஏற்றாமல் உடலை மட்டும் நீட்டினால் தூரம் குறையும். எந்த விமானக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் இதுதான் கதை, ஏர்பஸ் ஏ330-300, போயிங் 787-10 மாதிரி நீட்டிய தம்பிகளும் குட்டை அண்ணன்களைவிடக் குறைந்த தூரம்தான் போகும். ஹாங்காங்–டோக்கியோ மாதிரி கூட்டம் அதிகமாகவும் தூரம் குறைவாகவும் இருக்கும் தடங்களுக்கு 300 அருமையான விமானம், ஆனால் அப்படிப்பட்ட தடங்கள் உலகத்தில் நிறைய இல்லை. விற்றது 60.

இதற்கு ஒரே வழி உச்ச எடையை இன்னும் ஏற்றுவது. சொல்வது சுலபம். 300 டன்னைத் தாண்டிய ஒன்றை இரண்டே எஞ்சினை வைத்துத் தூக்க வேண்டும், அப்போது இருந்த எஞ்சின்களால் அது முடியாது. முதல் 777-களில் எஞ்சின் ஒவ்வொன்றும் 77,000 பவுண்டு உந்துவிசை தந்தது, 300-ல் 98,000 வரை போனார்கள், இப்போது 1,15,000 வேண்டும். அதுவரை 777 வாங்குபவர்கள் பிராட் அண்ட் விட்னி, ரோல்ஸ் ராய்ஸ், ஜெனரல் எலக்ட்ரிக் என்ற மூவரில் தங்களுக்குப் பிடித்தவரின் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கலாம். 1999-ல் போயிங், புதிய கனரக 777-களுக்கு எஞ்சின் தரும் உரிமையை ஜெனரல் எலக்ட்ரிக்குக்கு மட்டும் கொடுத்துவிட்டது. இத்தனை பெரிய எஞ்சினை உருவாக்கும் செலவுக்கு அப்படி ஒரு உறுதி தேவைப்பட்டது.

அந்த எஞ்சினின் பெயர் ஜிஈ90-115பி. முன்னால் சுழலும் விசிறியின் விட்டம் மட்டும் 3.25 மீட்டர், வெளிக்கூட்டையும் சேர்த்தால் 737 விமானத்தின் உடல் அகலத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். 2002-ல் சோதனை மேடையில் 1,27,900 பவுண்டு தள்ளி உலக சாதனை செய்தது, அதை முறியடித்ததும் அதன் அடுத்த தலைமுறையான ஜிஈ9எக்ஸ்தான். 777 ஒன்றின் பக்கத்தில் தரையில் நின்று அந்த எஞ்சினின் வாயைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள், படத்தில் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த அளவு மனதில் பதியாது.

எஞ்சின் மட்டும் போதவில்லை. இறக்கை முனைகளை ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 2 மீட்டர் நீட்டி, பின்னோக்கிச் சரிந்து கூராக முடியும்படி செய்தார்கள், அகலம் 64.8 மீட்டர் ஆனது. சக்கரக் கால்களையும் உடலையும் பலப்படுத்தினார்கள். அப்புறம் நீளத்தால் வந்த ஒரு பழைய பிரச்சினையும் இருந்தது. இவ்வளவு நீண்ட விமானம் எழும்பும்போது மூக்கை மேலே தூக்கினால் வால் கீழே இறங்கி ரன்வேயில் உரசிவிடும். காலை உயரமாக்கலாம், ஆனால் அது எடை, மடித்து வைக்கவும் அதிக இடம் வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப அழகானது. 777-க்கு இரண்டு முக்கியக் கால்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ஜோடியாக ஆறு சக்கரம். சாதாரணமாக விமானம் மூக்கைத் தூக்கும்போது காலின் நடு மையத்தைச் சுற்றித் திரும்பும். 300ஈஆரில் ஒரு ஹைட்ராலிக் தண்டு அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வதால், விமானம் கடைசி ஜோடிச் சக்கரத்தின்மேல் ஊன்றித் திரும்புகிறது, நாம் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பதுபோல. கால் நீளாமலேயே கொஞ்சம் உயரம் கிடைத்துவிடுகிறது, வால் தப்பிக்கிறது.

இதெல்லாம் சேர்ந்து என்ன கிடைத்தது? உச்ச எடை 351 டன், 300-ஐவிட 52 டன் கூடுதல். சொந்த எடை 8 டன் மட்டுமே கூடி 168 ஆனது. கழித்துப் பாருங்கள்: 351-ல் 168 போக, 370 பேருக்கு 37 போக, மிச்சம் 146 டன். டேங்க் 1,81,000 லிட்டர், அதாவது 145 டன். அப்படியே பொருந்துகிறது! ஆட்களையும் முழுக்க ஏற்றி டேங்கையும் முழுக்க நிரப்பலாம். நீளம் கூடினால் தூரம் குறையும் என்று மேலே சொன்னோமே, அந்த விதியை இந்த ஒரு ரகம் உடைத்துவிட்டது. 370 பேரோடு 13,600 கிலோமீட்டர். (கீழே சரக்கும் ஏற்றினால் எரிபொருளில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அது வேறு.)

2004-ல் ஏர் பிரான்ஸ் முதலில் பறக்கவிட்டது. அதன் பிறகு நடந்தது விமான வரலாற்றிலேயே பெரிய வெற்றிகளில் ஒன்று, 800-க்கும் மேல் விற்றது. போட்டிக்கு நின்ற ஏர்பஸ் ஏ340-600 நான்கு எஞ்சின் விமானம், அதே வேலைக்கு அதிக எரிபொருள் குடித்தது. 2011-ல் ஏ340 உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். துபாயின் எமிரேட்ஸ்தான் உலகத்திலேயே அதிக 777 வைத்திருக்கும் கம்பெனி, சென்னைக்கும் கொழும்புக்கும் அவர்கள் அனுப்பும் 777-களில் நீங்கள் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் 300ஈஆராகத்தான் இருந்திருக்கும். இந்தியக் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் 2020-ல் வந்த இரண்டு சிறப்பு விமானங்களும் இதே ரகம்தான்.

இங்கே ஒரு கேள்வி வரும், எனக்கும் முதலில் வந்தது. கடல் நடுவில் இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றுவிட்டால்? ஒரு காலத்தில் இரட்டை எஞ்சின் விமானம், ஒரு எஞ்சினோடு 60 நிமிடத்தில் போய் இறங்கக்கூடிய நிலையம் ஒன்று எப்போதும் எட்டுகிற தூரத்தில் இருக்கும்படித்தான் பறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருந்தது. பெருங்கடல்களை நேராகக் கடக்க முடியாது, கரையோரமாகச் சுற்றிப் போக வேண்டும், அதனால்தான் நீண்ட தூரத்துக்கு மூன்று, நான்கு எஞ்சின் விமானங்கள் ஆட்சி செய்தன. எஞ்சின்களின் நம்பகத்தன்மை கூடக்கூட 1985-ல் அதை 120 நிமிடம் ஆக்கினார்கள், பிறகு 180. 777 சேவைக்கு வந்த முதல் நாளிலேயே 180 நிமிட அனுமதியோடு வந்தது, அதற்கு முன்னால் எந்த விமானத்துக்கும் அது கிடைத்ததில்லை. 2011-ல் சில ரகங்களுக்கு 330 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. ஐந்தரை மணி நேரம் ஒரே எஞ்சினில் பறப்பதற்கான அனுமதி அது. இந்த அனுமதி இல்லாமல் எடைக் கணக்கில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் பயன் இருந்திருக்காது.

கடைசியாக 200எல்ஆர். 300ஈஆரின் பெரிய எஞ்சின், நீண்ட இறக்கை, பலமான கால் எல்லாவற்றையும் எடுத்துக் குட்டையான 200 உடலில் மாட்டினால் அதுதான் 200எல்ஆர். உச்ச எடை 347 டன், சொந்த எடை 145, 300 பேருக்கு 30 என்றால் மிச்சம் 172 டன்! சாதாரண டேங்கில் 145 டன்தான் பிடிக்கும், அதனால் பின்பக்கச் சரக்கு அறையில் மூன்று கூடுதல் டேங்குகள் வரை வைத்துக்கொள்ள வசதி செய்தார்கள், அப்போது 2,02,000 லிட்டர், சுமார் 162 டன். 200, 200ஈஆர், 300 ரகங்களில் டேங்கில் இடம் இருந்தும் எடை வரம்பு தடுத்தது, இதில் எடைக்கு இடம் இருந்தும் டேங்க் போதவில்லை.

2005 நவம்பரில் போயிங் இதை ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு ஓட்டிக் காட்டியது, நேர்வழியில் போகாமல் கிழக்கே திரும்பி பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் என்று பாதி உலகத்தைச் சுற்றி. 21,602 கிலோமீட்டர், 22 மணி 42 நிமிடம், வழியில் எங்கும் இறங்காமல். பயணிகளோடு சுமார் 15,800 கிலோமீட்டர் போகும். 2006-ல் பாகிஸ்தான் இன்டர்நேஷனல் முதலில் வாங்கியது, ஏர் இந்தியாவுக்கு 2007-லிருந்து எட்டு வந்தன. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, பெண் விமானிகள் மட்டுமே ஓட்டி, வட துருவத்தின் மேலாக வந்த விமானம் நினைவிருக்கிறதா? நேர்கோட்டில் அளந்தாலே 14,000 கிலோமீட்டர். அது 200எல்ஆர்தான்.

இவ்வளவு திறமை இருந்தும் விற்றது சுமார் 60. காரணம் எளிது. 350 டன்னைத் தாங்கும் எலும்புக்கூட்டைச் சுமந்துகொண்டு 300 பேரை மட்டும் ஏற்றிப் போகிறீர்கள். 10,000 கிலோமீட்டர் தடத்தில் இதை ஓட்டினால் அந்தக் கூடுதல் பலம் வெறும் சுமை, 200ஈஆரே மலிவு. 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் பயணத்தின் முதல் பாதியில் எரியும் எண்ணெயில் ஒரு பங்கு, இரண்டாம் பாதிக்கான எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போவதற்கே செலவாகிறது. அந்தச் செலவுக்குத் தகுந்த டிக்கெட் விலை கிடைக்கும் தடங்கள் உலகத்தில் கொஞ்சம்தான். இந்த உண்மையை ஏர்பஸ்ஸும் ஏ340-500 வழியாகப் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆனால் அந்த மிச்ச எடைக்கு வேறொரு அருமையான வேலை இருந்தது. எரிபொருளுக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியைச் சரக்குக்குத் திருப்பிவிட்டால்? அதே உடலில் ஜன்னல்களை அடைத்து, பக்கவாட்டில் பெரிய சரக்குக் கதவு வைத்து, 2009-ல் 777எஃப் வந்தது. 100 டன்னுக்கும் மேல் ஏற்றுகிறது, உலகமெங்கும் நூற்றுக்கணக்கில் பறக்கிறது. பயணிகளுக்கு ஒத்துவராத கணக்கு பெட்டிகளுக்குக் கச்சிதமாக ஒத்துவந்தது. 200எல்ஆரைத் தோல்வி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லோரும் எல்லா நேரமும் அதிக எடை கொண்ட ரகத்தைத்தான் விரும்புவார்கள் என்றும் நினைக்காதீர்கள். விமான நிலையங்கள் பலவற்றில் இறங்கும் கட்டணத்தை உச்ச எடையை வைத்துத்தான் போடுகிறார்கள், விமானம் காலியாக வந்தாலும் அந்த எண்ணுக்குத்தான் பணம். அதனால் குறுகிய தடத்தில் ஓட்டும் கம்பெனி, அதிக எடை தாங்கும் விமானத்தையே வாங்கி, அதன் உச்ச எடையைச் சான்றிதழில் குறைத்துப் பதிவு செய்துகொள்வதும் உண்டு. இரும்பு ஒன்றுதான், காகிதத்தில் எண் வேறு.

பயணி என்ற முறையில் நமக்கு எது நல்லது என்று கேட்டால், ரகத்தைவிட இருக்கை வரிசையைப் பாருங்கள். 777 வந்த காலத்தில் சாதாரண வகுப்பில் வரிசைக்கு ஒன்பது இருக்கை போட்ட கம்பெனிகள்தான் அதிகம், இன்று பெரும்பாலானவை 3-4-3 என்று பத்து போட்டுவிட்டன. உடல் அகலம் மாறவே இல்லை, தோள்பட்டைக்கான இடம்தான் குறைந்தது. அதை முடிவு செய்வது விமானக் கம்பெனி. வரிசைக்கு 200ஈஆரில் ஒன்பது இருக்கையும் 300ஈஆரில் பத்து இருக்கையும் இருந்தால், தூக்கம் வருவது எதில் என்று உங்களுக்கே தெரியும்.

777எக்ஸ் பற்றிச் சுருக்கமாக. 777-9 என்ற ரகம் 76.7 மீட்டர் நீளம், 2020 ஜனவரியில் முதலில் பறந்தது, அதன் பிறகு சான்றிதழ் வேலைகள் பல வருடம் இழுத்துக்கொண்டே போய்விட்டன. இதில் எனக்குப் பிடித்தது இறக்கை. விரித்தால் 71.8 மீட்டர், ஆனால் 777 வழக்கமாக நிற்கும் நிறுத்தங்களுக்கு இறக்கை அகலம் 65 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதனால் தரையில் முனைகளை மேலே மடித்துக்கொள்கிறது, மடித்தால் 64.8 மீட்டர், 300ஈஆரின் அதே அளவு. 1990-களிலேயே முதல் 777-க்கும் மடக்கும் இறக்கை தருகிறோம் என்று போயிங் சொன்னது, அப்போது ஒருவரும் வாங்கவில்லை.

இனி விமான நிலையத்தில் ஒரு 777 கண்ணில் பட்டால் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும். முதலில் ஒரு பக்கத்துக் கதவுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் 200, ஐந்து என்றால் 300. அடுத்து இறக்கையின் நுனி. கத்தி முனைபோலப் பின்னால் சரிந்து கூராக முடிந்தால் கனரக ரகம், வெட்டிவிட்டாற்போல மழுங்கி நின்றால் பழைய ரகம். ஐந்து கதவும் கூர் முனையும் என்றால் 300ஈஆர், நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இதைத்தான். நான்கு கதவும் கூர் முனையும் என்றால் 200எல்ஆர், ஜன்னலே இல்லாமல் கூர் முனை என்றால் 777எஃப். ஐந்து கதவும் மழுங்கிய முனையும் என்றால் 300, அறுபதே செய்தார்கள், கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கதவும் மழுங்கிய முனையும் மட்டும்தான் சிக்கல், 200-ஆ 200ஈஆரா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. அதற்கு வால் பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து இணையத்தில் தேட வேண்டும். அந்த மூல 200-களிலும் முதன்முதலில் செய்தது, 1994-ல் பறந்த அதே விமானம், பிறகு கேத்தே பசிபிக்கில் பல வருடம் ஆட்களை ஏற்றி, 2018-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பீமா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இப்போது அதன் அடியில் நின்று நிதானமாகக் கதவுகளை எண்ணலாம்.